ஜெபக் குறிப்பேட்டில் ஒரு திருத்தம்

அன்புள்ள அக்கா,

நேற்று உன் முதல் ஆண்டு நினைவு ஜெபம். வந்திருந்தவர்கள் பதினொரு பேர். போதகர், அத்தான், உன் மகள் பெனிஷா, நான், என் வீட்டுக்காரர், பெண்கள் சங்கத்திலிருந்து நான்கு பேர், அப்புறம் பெனிஷாவைப் பெண் கேட்டு இரணியலிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவருடைய அண்ணனும். பதினொரு பேரையும் ஜெபக் குறிப்பேட்டில் நானே எழுதினேன். யார் வந்தார்கள், யாருக்காக என்ன வேண்டிக்கொண்டோம், அது கிடைத்ததா இல்லையா என்று எழுதி வைக்கிற வேலை பதினாறு வருஷமாக என்னுடையது.

அந்த நீல அட்டை நோட்டு இப்போது என் முன்னால் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. நினைவு ஜெபத்துக்கு ஊற்றிய கட்டன்சாயாவில் ஒரு சொட்டு அட்டையில் விழுந்து காய்ந்திருக்கிறது. உள்ளே என் கையெழுத்தில் ஒரு தப்பான வரி இருபத்திரண்டு தடவை இருக்கிறது. எண்ணிவிட்டேன். ‘பெனிஷா, நர்சிங் மேல்படிப்பு, நல்லபடி முடிய.’ மாதம் ஒரு வரி. இரண்டு வருஷப் படிப்பில் இரண்டு மாதம் மட்டும் இல்லை. ஒரு மாதம் புயலில் ஜெபம் நடக்கவில்லை. இன்னொரு மாதம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

அவள் படித்தது நர்சிங் அல்ல என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படித்தது ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலை. முடித்துவிட்டாள், நல்ல வகுப்பில். தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உதவி நிர்வாக அதிகாரியாக வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கொண்டுபோனால்தான் சேர்ப்பார்கள். அவை அத்தானுடைய பீரோவில் இருக்கின்றன. நேற்று மத்தியானம் அவர் பீரோவைப் பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். இன்று வியாழன். காரியம் இதுதான், அக்கா.

போனவர்களிடம் முறையிடுகிற வழக்கம் நம் சபையில் கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் உன்னிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. வேண்டுவதை வேண்டுகிற இடத்தில் காலையிலேயே வேண்டிவிட்டேன். உன்னோடு இருந்து நடந்ததையெல்லாம் ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது தப்பென்று போதகர் சொன்னால் அவரிடம் பேசிக்கொள்கிறேன். நேற்று பேசியதற்குப் பிறகு அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்தத் தப்பு எப்படி நோட்டுக்குள் வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் வீட்டில்தான் ஜெபம். நீ நர்சு ட்யூட்டி முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமலே அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் நோட்டோடு ஒவ்வொருவரிடமாய் விண்ணப்பம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அத்தான் தன் முறை வந்ததும், மகள் மதுரையில் நர்சிங் மேல்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள் என்றார். நான் எழுதிவிட்டேன். பிறகு அடுக்களைக்கு வந்து உன்னிடம், பெனிஷா முதல் பட்டம் வேறு ஏதோ அல்லவா படித்தாள், இது எப்படி நர்சிங் ஆயிற்று என்று கேட்டேன். நீ கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாய்.

“உங்க அத்தானுக்கு ஆஸ்பத்திரின்னா நர்சு, டாக்டரு, ரெண்டே ஜாதிதான். எழுதினது எழுதினதா கெடக்கட்டு. மேல இருக்கப்பட்டவருக்குத் தெரியும் பிள்ள என்ன படிக்குதுன்னு.”

நானும் சிரித்தேன். அடுத்த மாதம் முந்தின பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். அதற்கடுத்த மாதமும். சங்கத்துப் பெண்கள் நால்வரும் அந்த வரியை வாசித்து முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஒருத்தி, ஊசி போடும்போது பிள்ளையின் கை நடுங்கக்கூடாது என்றுகூட வேண்டினாள். நீ கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாய். எழுதிய குற்றம் என்மேல், அக்கா. ஆனால் உன்னை முழுக்க விட்டுவிட மாட்டேன். வீட்டில் ஒரு சண்டை வேண்டாமென்று நீ சிரித்துத் தள்ளிவிட்டாய். தள்ளிய சண்டை அங்கேயே உட்கார்ந்திருந்து நேற்று எழுந்தது. அப்போது நீ இல்லை.

ஆனால் அவளை அந்தப் படிப்புக்கு அனுப்பியது நீதான். அதற்கு நான் சாட்சி. அவள் முதல் பட்டத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் நீ வேலை முடிந்து வந்து சட்டைப் பையிலிருந்து கைநிறைய ஊக்குகளை எடுத்து மேஜைமேல் கொட்டினாய். அன்றைக்கு வார்டிலிருந்து மருந்து வாங்கப் போய் வந்த ஒவ்வொரு நடைக்கும் ஓர் ஊக்கை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியிருந்தாய். பெனிஷா ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தொன்று. அத்தனை தடவையும் நோயாளி தனியாகக் கிடந்தார் என்று நீ சொன்னாய். அவசரத்துக்கு வேண்டிய மருந்தையாவது வார்டிலேயே ஓர் அலமாரியில் வைத்துக் கணக்குக் காட்டினால் என்ன என்று அவள் கேட்டாள்.

“அத முடிவு பண்ணுகவிய வார்டுக்குள்ள வரமாட்டாவ மக்ளே. வார்டுக்குள்ள நிக்கிற எங்ககிட்ட யாரும் கேக்கமாட்டாவ.”

பிள்ளை அந்த வருஷம் முடிவதற்குள் அப்படி முடிவு பண்ணுகிறவர்கள் என்ன படித்தவர்கள் என்று விசாரித்துவிட்டாள். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டது நீ. என் வீட்டில் வைத்துத்தான் போட்டாய். என் பேனாவால்.

அது என்ன படிப்பு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. பத்தாம் வகுப்பில் தோற்றவள் நான். நீ கொண்டுவரும் மருந்துச் சீட்டுகளிலும் பழைய செய்தித்தாள்களிலும் ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டித்தான் இங்கிலீஷ் கற்றேன். அதனால் எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கம் கிடையாது. நீ போன பிறகு ஒரு விடுமுறைக்குப் பெனிஷா வந்திருந்தபோது உட்காரவைத்து, இதைப் படித்துவிட்டு என்னவெல்லாம் ஆகலாம், ஒன்று விடாமல் சொல் என்றேன். அவள் சொல்லச் சொல்ல எட்டுப் பக்கம் எழுதினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவை நடத்தலாம். எத்தனை படுக்கை, எந்த நேரத்துக்கு எத்தனை நர்சு, ஆப்பரேஷன் அறை எப்போது காலி, எல்லாம் அந்த ஆள் கையில். தரம் பார்க்கிற பிரிவு என்று ஒன்று தனியாக உண்டாம். கை கழுவுகிறார்களா, மருந்து மாறிப்போனால் ஏன் மாறியது, கீழே விழுந்த நோயாளி ஏன் விழுந்தார் என்று தேடிப்போய்ச் சரி செய்கிற வேலை. அதைக் கேட்டதும் உன் முப்பத்தொரு ஊக்குகள் ஞாபகம் வந்தன. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போய், நோயாளியின் காகிதம் ஏன் திரும்பி வந்தது என்று பார்க்கலாம். அரசாங்கக் காப்பீட்டுத் திட்டங்களிலும் இப்படிப் படித்தவர்களை எடுக்கிறார்களாம். நோயாளிகளின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கம்பெனிகளுக்கு ஆஸ்பத்திரி தெரிந்த ஆள் வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற அமைப்புகளை நடத்தலாம். கல்லூரியில் பாடம் நடத்தலாம். வளைகுடாவுக்கும் போகலாம், வேண்டுமானால். “எல்லாத்துக்கும் முதல்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில அடியில இருந்து வேல பாக்கணும் சித்தி, எடுத்த ஒடன நாற்காலி தரமாட்டாவ” என்றும் சொன்னாள். அதையும் எழுதியிருக்கிறேன்.

எழுதினால் போதுமா? படிப்பின் கடைசியில் அவள் ஆறு மாதம் பயிற்சி எடுத்தது இப்போது வேலை தந்திருக்கிற அதே ஆஸ்பத்திரியில்தான். அங்கே ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெளிநோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் நானும் ஒரு நோயாளி மாதிரி உட்கார்ந்தேன். பக்கத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நேரம் பதினொன்று. இந்த நேரத்துக்கு டோக்கன் தருவார்களா என்று கேட்டேன். அவளுக்கு அது போதும், ஆரம்பித்துவிட்டாள்.

“முன்ன ஏழு மணிக்குத்தான் டோக்கன். ஏழு மணிக்கு நா தொறையில ஏலத்துல நிப்பேனா, இங்க வந்து வரிசையில நிப்பேனா? எனக்க சுகருக்காண்டி மீனு காத்துக் கெடக்குமா? ரெண்டு வருசம் மருந்தே வாங்கல்ல. காலுல புண்ணு வந்த பெறவுதான் தூக்கிட்டு வந்தாவ. இப்பம் ஒரு பிள்ள வந்து பதினோரு மணிக்கு ரெண்டாவது டோக்கன் வச்சுது. யாரு பெத்த பிள்ளயோ, நல்லாருக்கட்டு.”

யார் பெற்ற பிள்ளை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பெஞ்சில் இருந்து அழுதுவிடுவேன் என்று தோன்றியது. பெனிஷா துறைக்குப் போய், ஏலம் எத்தனை மணிக்கு முடிகிறது, பெண்கள் எத்தனை மணிக்குக் கூடையைத் தலையில் ஏற்றுகிறார்கள் என்று இரண்டு வாரம் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்ததை எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறாள். கூடுதலாக ஒரு டோக்கன் நேரம், அவ்வளவுதான். அந்த அம்மாவின் இன்னொரு காலிலும் புண் வராமல் அதனால் தப்பியிருக்கிறது. இவள் ஊசி பிடிக்கவில்லை, சரிதான். பிடிக்க வேண்டிய ஒன்றைப் பிடித்திருக்கிறாள்.

இனி நேற்று நடந்தது.

போதகர் ஜெபித்து முடித்ததும், வழக்கம்போல நோட்டை வாங்கி, நிறைவேறிய விண்ணப்பங்களை வாசித்தார். “நம்முடைய சகோதரியின் மகள் பெனிஷா நர்சிங் மேல்படிப்பை வெற்றியாக முடித்ததற்காக ஸ்தோத்திரம்” என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். இரணியல் அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பெனிஷாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானைப் பார்த்தேன். அவர் உன் படத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நிம்மதியோடு நின்றார். அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. அது தப்பென்று அவருக்கும் எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் நோட்டின்மேல் சாய்ந்து நிற்கிறார்.

நான் எழுந்தேன். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “பாஸ்டர், அது எனக்க கையெழுத்து. தப்பா எழுதியிருக்கேன். திருத்தணும்” என்றேன். பேனாவைக் கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் கொடுத்தார்.

நர்சுகளின் நோட்டில் அழிக்கக்கூடாது என்று நீ எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாய். தப்பின்மேல் ஒரே கோடு, அடியில் இருப்பதும் தெரிய வேண்டும், மேலே சரியானது, பக்கத்தில் கையெழுத்து. அப்படியே செய்தேன். நர்சிங் என்பதன்மேல் கோடு போட்டு, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று எழுதி, சத்தமாய் வாசித்தேன். சங்கத்தில் ஊசிக்காக ஜெபித்தவள், “அப்போ நாம இவ்வளவு நாளும் ஜெபிச்சது?” என்று கேட்டாள். பிள்ளைக்காகத்தான் ஜெபித்தோம், பிள்ளைக்குத்தான் கிடைத்தது என்றேன்.

இரணியல் அம்மா மோசமானவர் அல்ல. மறைக்காமல் பேசினார். இது ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுகிற சோலியா என்று கேட்டார். அல்ல என்று விளக்கினேன், அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கமாவது சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் கொள்ளாம், நல்ல படிப்புதான், ஆனால் தன் மகனுக்கு லண்டன் போக வேண்டுமென்றால் நர்சுப் பெண்தான் வேண்டும், நர்சுக்கு விசா கொடுத்தால் கூடவே மாப்பிள்ளைக்கும் கொடுப்பார்கள் என்றார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அப்பம் நீங்க பெண்ணு பாக்க வரல்ல, விசா பாக்க வந்திருக்கிய.”

அந்த அம்மாவின் அண்ணனே சிரித்துவிட்டார். முந்திரிக்கொத்தும் சாயாவும் எடுத்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தான் பேசினார். சங்கத்துப் பெண்கள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுக்களையிலேயே நின்று கேட்டார்கள். உங்க அக்கா முப்பது வருஷம் நர்சு, அதனால்தான் இந்த வீடு, இந்த மரியாதை என்றார். நர்சு என்றால் எங்கே போனாலும் சோறு உண்டு, இது என்ன படிப்பு, இதற்கு ஒரு பேர் உண்டா என்றார். இப்போதும் வயது இருக்கிறது, நர்சிங்கில் சேர்த்துவிடலாம் என்றார். பெனிஷா மெதுவாக, அப்பா திங்கட்கிழமை என்று ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்.

“கல்யாணப் பத்திரிகையில அவ பேருக்குக் கீழ என்னத்த போட?”

“உதவி நிர்வாக அதிகாரின்னு போடுங்க அத்தான். எடம் காணாதுன்னா மாப்பிள்ள பட்டத்தக் கொஞ்சம் சின்ன எழுத்துல போடுங்க.”

“பத்தாங்கிளாசு தோத்தவ நீ. நீயா எனக்குப் படிப்பு சொல்லித் தாற?”

“தோத்தவதான். அதனாலதான் அவகிட்ட ஒண்ணொண்ணா கேட்டு எழுதினேன். நீங்க ரெண்டு வருசத்துல ஒருக்கா கேட்டியளா?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தான் உள்ளே போனார். பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து உன் படத்தின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்தவர், யாரிடம் என்றில்லாமல், “அவ உடுப்பு மாட்டி எறங்கிப் போவா. அதே மாதிரி இவளும் போயிருந்தா…” என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி வடிந்தது, அக்கா. வெள்ளை உடுப்பில் நீ படியிறங்குவதை முப்பது வருஷம் பார்த்த மனுஷன். அதை இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார். அந்த ஆசை எனக்கும் இல்லையா? காலையில் பஸ் வருகிற நேரம் ஆனால் இன்னும் என் கண் ரோட்டுக்குத்தான் போகிறது. ஆனால் உன் மகள் உன்னைத் திரும்பக் கொண்டுவரப் பிறந்தவள் அல்ல. நீ நடந்த நடையை அடுத்தவர்கள் நடக்க வேண்டியிராதபடி செய்யப் படித்திருக்கிறாள். பாதி கோபம் வடிந்தாலும் மீதிப் பாதி போதும் எனக்கு. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தில் ஒருத்தி இன்று காலை வந்து, ஆண்கள் பேசுகிற இடத்தில் பெண் எழுந்து நின்று திருத்தியது சரியா என்று மெல்லக் கேட்டாள். நோட்டு யாருடையது என்றேன். நான் தினமும் இரண்டு தடவை முழங்காலில் நிற்கிறவள். என் ஜெபத்தில் ஒரு பொய்யை இருபத்திரண்டு மாதம் கொண்டுபோயிருக்கிறேன். மற்ற இருபத்தொரு வரிகளையும் இன்று மத்தியானம் திருத்தி முடித்துவிட்டேன். இருபத்திரண்டு கோடு, இருபத்திரண்டு கையெழுத்து. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

நீ என்னிடம் விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்சிடம் நோயாளிகளை எப்படி ஒப்படைப்பாய் என்று ஒருநாள் கேட்டேன். “நோட்ட மட்டும் கையில குடுத்துட்டு எறங்கப்பிடாது. ஒவ்வொரு படுக்கையா கூட்டிட்டுப் போய், ஆளக் காட்டி, இவர ஒங்கிட்ட விடுதேன்னு வாயால சொல்லணும்” என்றாய். உன் கடைசி வாரத்தில் நீ பெனிஷாவின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாய். வாய் பேச வரவில்லை. ஆளைக் காட்டிவிட்டாய். அது போதும். அன்றிலிருந்து அவள் என் ட்யூட்டியில் இருக்கிறாள், நான் இறங்கிப் போகிறதாக இல்லை.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போவதில்லை. சாயங்காலம் அத்தான் கையில் கொடுக்கிறேன். உனக்கு எழுதியதை அவர் ஒருவரி விடாமல் படிக்கட்டும். அதனால் கடைசியில் கொஞ்சம் அவருக்கு.

அத்தான், நான் உங்களை எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சங்கத்துப் பெண்கள் கேட்க அப்படிப் பேசியதற்கு மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸில் பெனிஷாவோடு நானும் போகிறேன். சான்றிதழ் கையில் இருந்தால் கொடுத்துச் சேருவாள். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை உள்ளபடி அவர்களிடம் நானே சொல்லி, தவணை கேட்பேன். நீங்களும் வந்தால் உங்களுக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன். பீரோவைத் திறந்து தருவீர்களா, மாட்டீர்களா? சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.